சாம்பல் கிளி வாங்கப் போகிறவர்களுக்கு, கீழக்கரையிலிருந்து ஓர் எச்சரிக்கை

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்களுக்குப் பெரிய கிளி விற்கும் ஒரு வியாபாரியிடம் என் மச்சான் ஏமாந்தார். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை எழுதினாலே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

"ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, ஆறு மாதக் குஞ்சு, கையில் வளர்ந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. விலை 40,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. நன்றாக இருட்டிய பிறகு ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் கூண்டைக் கைமாற்றினார்கள். சுற்றிலும் துணி. "வீடு போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள், மிரண்டுவிடும்" என்றார் வியாபாரி. கிளி மிரளும் என்பது உண்மைதான், ஆனால் துணி போர்த்தியது அதற்காக இல்லை.

காலை வெளிச்சத்தில் பார்த்தால் நெஞ்சு உரித்த கோழியைப் போல வெறுமையாக இருந்தது. தலையில் மட்டும் ஓர் இறகுகூடக் குறையவில்லை. போன் செய்தோம். "உங்கள் ஊர் வெயிலும் உப்புக்காற்றும்தான் காரணம், முளைத்துவிடும்" என்றார். ஒரே இரவில் என்ன வெயில்? தானாக உதிர்ந்தால் தலையிலும் உதிரவேண்டும். அலகு எட்டாத இடம் தலை ஒன்றுதான். தனிமையிலும் சலிப்பிலும், சில நேரம் நோயிலும், கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும்.

பறவைகளைப் பார்க்கும் மருத்துவரைத் தேடி மதுரை வரை போகவேண்டியிருந்தது. அவர் முதலில் காட்டியது கண்ணை. குஞ்சாக இருக்கும்போது இந்தக் கிளியின் கண் கருஞ்சாம்பல் நிறம். ஒன்றிரண்டு வயதில் வெளிர் மஞ்சளாக மாறும். எங்கள் 'குஞ்சின்' கண் பளிச்சென்ற மஞ்சள். போதாக்குறைக்கு அது வயதானவரைப் போல இருமுகிறது. இரண்டு முறை இருமி, சற்று நிறுத்தி, தொண்டையைச் செருமும். மச்சானின் மனைவியான என் ராத்தா (அக்கா) வீட்டில் அப்படி இருமுகிறவர் யாரும் இல்லை. யாரோ வளர்த்து, முடியாமல் தள்ளிவிட்ட பறவை. அதைச் சொல்லி விற்றிருந்தால் எனக்குப் புகார் இல்லை.

வியாபாரியிடம் காகிதம் கேட்டபோது, "பச்சைக்கிளி வளர்த்தால்தான் குற்றம், வெளிநாட்டுக் கிளிக்குச் சட்டமே இல்லை" என்று அடித்துச் சொன்னார். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பொய். சாம்பல் கிளி 2017 முதல், வனஉயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் இணைப்பில் இருக்கிறது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு, இத்தகைய பறவையை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்யவேண்டும், கைமாறினாலும் தெரிவிக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்ததோ 'கிளி - 1' என்று எழுதிய துண்டுச்சீட்டு. காலில் அடையாள வளையம்கூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். விலை பேசும்போதே, "எப்போது சார்ஜா திரும்புகிறீர்கள்?" என்று மச்சானிடம் கேட்டுவைத்துக்கொண்டார். இந்தக் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியது. மச்சானின் விடுப்பு இரண்டு மாதம். யார் வளர்க்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளர்ப்பது ராத்தா. தினமும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே விட்டுக் கூடவே இருக்கவேண்டும். கடிக்க மரத்துண்டு இல்லையென்றால் கதவு நிலையைக் கடிக்கும். விடிந்ததும் போடும் கூச்சல் அடுத்த தெருவரை கேட்கும். கடை கொடுத்த சூரியகாந்தி விதையில் கொழுப்புதான் அதிகம். கால்சியமும் வைட்டமின் ஏ-யும் அதில் போதாது, கால்சியம் குறைந்தால் இந்த இனத்துக்கு வலிப்புகூட வரும் என்று மருத்துவர் நிறுத்தச் சொன்னார். இப்போது முருங்கைக்கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. நான்ஸ்டிக் தவா அளவுமீறிச் சூடானால் எழும் புகையே பறவையைக் கொன்றுவிடும் என்பதால் அதையும் வீட்டைவிட்டு அனுப்பியாயிற்று. கல்யாணம், காது குத்து என்று வெளியூர் போனால் இராத் தங்குவதில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், வீட்டில் இருக்கப் போகிறவர் முழு மனதோடு ஒப்புக்கொண்ட பிறகு, பகலில் நேரில் போய்க் கண், நெஞ்சு, கால் மூன்றையும் பாருங்கள். பதிவு விவரத்தைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

"யாரிடமாவது கொடுத்துவிடலாமே" என்கிறார்கள். பதிவே இல்லாத பறவையை முறைப்படி யார் பெயருக்கு மாற்றுவது? வனத்துறை அலுவலகத்தில் நாங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.