ஊரைக் கேட்டுப் பெயரைத் தரும் தளம்: ஜூயிஷ்ஜென் குறித்து ஒரு மதிப்புரை

பவானி கூடுதுறையில் ஆடி அமாவாசையன்று தர்ப்பணத்துக்கு உட்காருகிறவரிடம் புரோகிதர் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயர்களைக் கேட்பார். இரண்டு பெயர்களைத் தடையின்றிச் சொல்லிவிட்டு, மூன்றாவதற்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அண்ணன் முகத்தைப் பார்க்கிற பலரை நான் கண்டிருக்கிறேன். எங்கள் பேரனுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுடைய இருவழி முன்னோரையும் ஒரு பேரேட்டில் எழுதத் தொடங்கினேன். தந்தைவழி எங்களுடையது, ஜமக்காளம் நெய்த குடும்பம் என்பதால் பழைய பத்திரங்களும் குலதெய்வக் கோயில் வரிக் கணக்கும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. தாய்வழி, நியூயார்க்கில் நான்கு தலைமுறையாக வாழும் யூதக் குடும்பம். சம்பந்தியம்மாளுக்குத் தம் அப்பாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றி, எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால் அப்பாரைப் பற்றி, மூன்று செய்திகள் மட்டுமே தெரியும்: அவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர், தையல் வேலை செய்தவர், கப்பலில் வரும் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விடும் நியூயார்க் துறைமுக நிலையமான எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் அவருடைய குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள். இந்த மூன்றைக் கொண்டு நானும் மருமகளும் தேடியபோது எங்களுக்கு மிகவும் உதவிய ஜூயிஷ்ஜென் என்ற இணையச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பணிபுரிந்தவன். அட்டவணை வழிகாட்டும், பத்திரம்தான் சாட்சி சொல்லும் என்பது அங்கே முதல் நாளே கற்கும் பாடம். தாய்ப் பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் காடு வாங்க மாட்டார்கள். ஆகவே எந்தச் சேவையானாலும் இரண்டு கேள்விகளை வைத்தே அதை மதிப்பிட்டேன். ஊரைக் கேட்கிறதா? மூல ஆவணம்வரை கொண்டுபோய் விடுகிறதா?

ஜூயிஷ்ஜென் 1987இல் கணினி ஆர்வலர்கள் சிலர் தகவல் பரிமாறிக்கொள்ளும் பலகையாகத் தொடங்கி, 2003 முதல் நியூயார்க்கிலுள்ள யூத மரபு அருங்காட்சியகத்தோடு இணைந்து இயங்குகிறது. மின்னஞ்சல் முகவரியைப் பதிந்துகொண்டால் போதும், கட்டணம் இல்லை. நன்கொடை தருவோருக்குச் சில கூடுதல் தேடல் வசதிகள் உண்டு. தன்னார்வலர்கள் பழைய பதிவேடுகளை ஒவ்வொரு வரியாகப் படித்து அட்டவணைப்படுத்திய தரவுகளே இதன் செல்வம். அந்தச் செல்வம் ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் ஒருவரை முதன்முதலாகச் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று கேட்கிறோம் அல்லவா, இந்தத் தளமும் அப்படித்தான் கேட்கிறது. எனக்கு அது உடனே பிடித்துப்போனது.

ஆனால் அந்த ஊரைக் கண்டுபிடிக்க அமெரிக்க ஆவணங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு ஃபேமிலிசர்ச் என்ற மற்றோர் இலவசத் தளத்தைப் பயன்படுத்தினோம். இதை நடத்துவது மார்மன் திருச்சபை. உலகெங்கும் உள்ள பதிவேடுகளைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுவாரித் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்துப் பொதுப் பார்வைக்கு வருகின்றன. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. 1910இன் தாளில் அப்பாரு பிறந்த நாடு ஆஸ்திரியா என்றும் தாய்மொழி கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் யிட்டிஷ் என்றும் இருந்தது. 1920இல் கலீசியா என்றும் 1930இல் போலந்து என்றும் எழுதியிருந்தார்கள். மூன்று வெவ்வேறு மனிதர்களைப் பிடித்துவிட்டோமோ என்று முதலில் அஞ்சினேன். கலீசியா 1918வரை ஆஸ்திரியப் பேரரசின் ஒரு மாகாணமாக இருந்து, பிறகு போலந்துக்குப் போனது என்பதை அறிந்த பிறகுதான் அவர் ஒரே மனிதர், மாறியது நாட்டின் எல்லை என்பது விளங்கியது.

ஊரின் பெயரைக் குடியுரிமை விண்ணப்பம் தந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரிப் படிவம் நடைமுறைக்கு வந்தது; பிறந்த ஊர், வந்த கப்பல், இறங்கிய நாள் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். முன்னோரைத் தேடுகிறவர் முதலில் கைப்பற்ற வேண்டிய ஆவணம் இதுவே என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் எழுத்தர் காதில் விழுந்ததை அப்படியே எழுதிவைத்த அந்த ஊர்ப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

ஜூயிஷ்ஜென்னின் மதிப்பு எனக்குப் புரிந்தது இங்கேதான். அதன் ஊர்ப்பெயர் அகராதியில் எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு ஒலியை வைத்துத் தேடலாம். டாய்ச், மொகோடோஃப் என்ற இருவர் 1985இல் வகுத்த முறை அது. ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, பெயர் முழுவதையும் ஆறு இலக்க எண்ணாக மாற்றுகிறது. ஒரே ஊரைப் போலிஷ், ஜெர்மன், உக்ரைனியன், யிட்டிஷ் ஆகிய நான்கு மொழிக்காரர்கள் நான்கு விதமாக எழுதிய நிலப்பகுதியில் இம்முறை இல்லாமல் ஓர் அடியும் வைக்க முடியாது. எங்கள் எழுத்தரின் கோணல் கூட்டலை உள்ளிட்டதும் வந்த பட்டியலில் கலீசியாவுக்குள் பொருந்திய ஊர் புச்சாச். ஸ்ட்ரிபா ஆற்றங்கரையில் அமைந்த, இன்று உக்ரைனில் உள்ள சிற்றூர். 1966இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அக்னோன் பிறந்த ஊரும் அதுவே. ஆற்றங்கரை ஊர் என்று மருமகள் தொலைபேசியில் சொன்னபோது, பவானிக்காரனான எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது கப்பல் பட்டியல். எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1 முதல் 1954வரை இயங்கியது. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாக உள்ளே வந்தார்கள். அந்தப் பட்டியல்களை எளிதாகத் தேட ஸ்டீவ் மோர்ஸ் என்பவர் ஓர் இலவசத் தளத்தை அமைத்திருக்கிறார். இன்டெல் நிறுவனத்தின் 8086 சில்லை வடிவமைத்த அதே பொறியாளர்தான் இவர். அப்பாரின் அமெரிக்கக் குடும்பப் பெயரில் யாரும் கிடைக்காததால், விண்ணப்பத்திலிருந்த கப்பலையும் நாளையும் வைத்துப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இரண்டாம் இரவில் அப்பாரின் முதற்பெயர், வயது, தையல் தொழில், ஊர் நான்கும் பொருந்திய ஒருவர் 1909ஆம் ஆண்டுத் தாளில் கிடைத்தார். சேரவேண்டிய இடமாக எழுதியிருந்த ரிவிங்டன் தெரு முகவரியும் 1910 மக்கள்தொகைக் கணக்கின் முகவரியும் ஒன்றே. குடும்பப் பெயர் மட்டும் வேறு. 1907க்குப் பிந்தைய பட்டியல்களில் புறப்பட்ட நாட்டிலுள்ள நெருங்கிய உறவினர் பெயருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் தகப்பனார் பெயரோடு, குடும்பம் இன்று அமெரிக்காவில் தாங்கி நிற்கும் அதே குடும்பப் பெயர் இருந்தது.

தகப்பனுக்கு ஒரு பெயர், மகனுக்கு வேறு பெயர் என்ற இந்தச் சிக்கலை அவிழ்க்க, கலீசியா ஆய்வுக்கென்றே இயங்கும் கெஷர் கலீசியா அமைப்பின் கட்டுரைகள் உதவின. கலீசிய யூதர்களில் பலர் சமய முறைப்படி மட்டும் மணந்துகொண்டு, அரசிடம் திருமணத்தைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். அரசின் கணக்கில் அந்தத் திருமணம் செல்லாது. ஆகவே பிள்ளைகள் தாயின் குடும்பப் பெயரில் பதியப்பட்டார்கள், பயணத் தாள்களும் அதே பெயரில் கிடைத்தன. அப்பாரு தாயின் பெயரில் கப்பலேறி, அமெரிக்காவில் இறங்கியதும் தகப்பன் பெயரைத் தாமே எடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயர்களை மாற்றவில்லை. கப்பல் நிறுவனத்தார் புறப்படும் துறைமுகத்தில் எழுதி அனுப்பிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். நூறாண்டுகளாகச் சொல்லிவந்த கதை தவறென்று அறிந்தபோது சம்பந்தியம்மாள் வருத்தப்படுவாரோ என்று தயங்கினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தகப்பன் பெயரைத் தாத்தா விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்பதை அறிந்து மனம் நிறைந்ததாகச் சொன்னார். அந்த மண்ணில் குடும்பப் பெயர் என்பதே புதிது. 1787இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் ஆணையிட்ட பிறகுதான் யூதர்கள் நிலையான குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் நம் தலைப்பெழுத்து வழக்கம்போல, இன்னாரின் மகன் இன்னார் என்பதே போதுமானதாக இருந்தது.

தாய்ப் பத்திரத்துக்கு நிகரான சான்று கல்லறையில் இருந்தது. ஜூயிஷ்ஜென் தொகுத்துள்ள உலகளாவிய கல்லறைப் பதிவேட்டின் வழியாக, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஓர் இடுகாட்டில் அப்பாரின் கல்லைக் கண்டோம். புலம்பெயர்ந்த யூதர்கள் ஒவ்வோர் ஊர்க்காரரும் சேர்ந்து உதவிச் சங்கம் அமைத்து, சந்தா கட்டி, நோய்க்கும் சாவுக்கும் உதவிக்கொண்டு, இடுகாட்டிலும் ஊருக்கென்று நிலம் வாங்கியிருக்கிறார்கள். அவர் புதைக்கப்பட்ட பகுதி புச்சாச் ஊர்க்காரர்களுக்கு உரியது. கல்லில் எபிரேய எழுத்தில் அவர் பெயரும், இன்னாரின் மகன் என்று தகப்பன் பெயரும் இருந்தன. கப்பல் பட்டியலில் கண்ட அதே பெயர். இறந்த முன்னோரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு இடுவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கம். பெயரன் என்ற சொல்லிலிருந்தே பேரன் வந்தது என்பதை மருமகளுக்கு விளக்கினேன். தம் மகனுக்கு வைத்த எபிரேயப் பெயர் இந்தக் கல்லிலுள்ள பெயர்தான் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

இடையில் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனத்திலும் சேர்ந்தோம். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பிறர் வரைந்த வம்ச மரங்களை அது ஒரு சொடுக்கில் நம் மரத்தோடு ஒட்டிவிடுகிறது. அவ்வாறு ஒட்டிக்கொண்ட ஒருவர், அதே பெயரும் ஏறக்குறைய அதே வயதும் உடைய வேறு ஊர்க்காரர். அவருடைய முன்னோர் ஐந்து தலைமுறையை எங்களுடையவர்களாக எண்ணி மூன்று வாரம் வீணாக்கினோம். ஆவணத்தின் படம் இணைக்கப்படாத எந்த மரத்தையும் நம்ப வேண்டாம்.

ஜூயிஷ்ஜென்னில் நான் மிக மெதுவாகப் படித்த பகுதி நினைவு நூல்களுடையது. அழிந்த ஊர்களைப் பற்றி, உயிர் தப்பியவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூடி எழுதிய நூல்கள் அவை. தன்னார்வலர்கள் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். புச்சாச் யூதர்களை ஜெர்மானியர்கள் 1942, 1943 ஆண்டுகளில் பெல்செக் கொலைமுகாமுக்கு அனுப்பியும், ஊரையொட்டிய ஃபெடோர் குன்றில் சுட்டும் கொன்றார்கள். ஜெருசலேமிலுள்ள யூதப் படுகொலை நினைவகமான யாத் வாஷெம் நிறுவனத்தின் பெயர்த் தொகுப்பில் அப்பாரின் தங்கையும் அவர் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். அப்படியொரு தங்கை இருந்ததே நியூயார்க் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. கொல்லப்பட்டவர்களைப் பற்றி அறிந்தவர்கள் எழுதித் தரும் சாட்சித் தாள்கள் அந்தத் தொகுப்பில் உண்டு; இவர்களுக்கான தாளை நிரப்பியவர் அர்ஜென்டினாவில் வாழ்ந்த ஓர் உறவினர். 1924ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீடு வைத்து அமெரிக்கக் கதவை ஏறக்குறைய மூடிய பின், வேறு நாடு தேடிப் போனவர்களுள் அவரும் ஒருவராக இருக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தளத்தின் அமைப்பு பழையது. எது எங்கே இருக்கிறது என்று பழக ஒரு மாதம் ஆகலாம். பல தொகுப்புகளில் அட்டவணை மட்டுமே உண்டு, மூலப் படத்துக்கு வேறு காப்பகத்தை நாட வேண்டும். ஊருக்கு ஊர் கிடைக்கும் தரவின் அளவும் மிகவும் வேறுபடுகிறது. கைப்பேசியைவிடப் பெரிய திரையில் பார்ப்பதே நல்லது.

எங்களைப்போல் அமெரிக்க யூதக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்டவர்கள் இதில் பதிந்துகொண்டு, குடும்பத் தேடுநர் பகுதியில் குடும்பப் பெயரையும் ஊரையும் சேர்த்து இடுங்கள். அதே பெயரையும் ஊரையும் தேடும் பிறர் உங்களை அணுக அது வழிசெய்யும். நாங்கள் இட்ட நான்காம் மாதம் புவனோஸ் அய்ரிஸிலிருந்து கடிதம் வந்தது. சாட்சித் தாளை நிரப்பியவரின் பேத்தி எழுதியிருந்தார், அப்பாரும் தங்கையும் சிறுவயதில் சேர்ந்து நிற்கும் ஒரு புகைப்படத்தோடு. பேரேட்டில் அப்பாரின் மனைவிக்கு எதிரே தாய்வீட்டுப் பெயருக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நியூயார்க் நகரக் காப்பகம் தன் பழைய திருமணப் பதிவுகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மணமகளின் தாய், தகப்பன் பெயர்கள் அவற்றில் இருக்கும். ஐப்பசியில் மருமகள் ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து அதைத் தேடவிருக்கிறோம்.