ரி கல வாங்கியின் பிளாஸ்டிக் மாதிரி: செய்விக்கப் போகிறவர்கள் கவனிக்க

போன மாசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு 3டி பிரின்ட் கடையில் ரி கல வாங்கியின் மாதிரி ஒன்று செய்வித்தேன். ரி கலம் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளைக் குருதிக் கலம் ஒன்று; அது தன் இலக்கைத் தொட்டு அறியும் புரதம்தான் வாங்கி. 6,500 ரூபாய். உயர்தர உயிரியல் படிப்பிக்கிற இரண்டு மூன்று பேர் விசாரித்ததால் இதை எழுதுகிறேன். காசு பெறுமதியானதுதான், ஆனால் காந்தத்தில் கவனமாக இருங்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

உடல் நோயை எதிர்க்கும் விதத்தைச் சொல்லும் நிர்ப்பீடனப் பாடத்தில் நான் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் ஒரு பிழையான படத்தைக் கீறி வந்திருக்கிறேன். கலத்தின் மேல் ஒரு கவட்டை, அதற்குள் பொருந்தும் முக்கோணமாக அன்டிஜென், அதாவது உடல் அந்நியமாகக் காணும் பொருள். பூட்டும் திறப்பும் போல. இரத்தத்தில் மிதந்து நோயாக்கியைப் பிடிக்கும் புரதமான பிறபொருளெதிரிக்கு அந்தப் படம் ஓரளவு சரி. ரி கலம் அப்படி இல்லை. நோயாக்கியின் புரதம் கலத்துக்குள் நறுக்கப்பட்டு, அதில் ஒரு சிறு துண்டு எம்எச்சி என்ற ஏந்தியின் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டப்பட வேண்டும். துண்டையும் ஏந்தியையும் சேர்த்துத்தான் வாங்கி தொட்டுப் பார்க்கும். 1974 இல் சின்கர்நேகலும் டோஹர்ட்டியும் எலிகளில் கண்டது இதைத்தான்: வைரசு தொற்றிய கலமாக இருந்தாலும், ஏந்தி வேறு வகையென்றால் கொல்லும் ரி கலம் அதை விட்டுவிடும். அதற்கு 1996 இல் நொபெல் பரிசு கிடைத்தது.

இதை எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் முக்கோணத்தைத்தான் கீறுவார்கள். அதனால்தான் கையில் பிடிக்க ஒன்று வேண்டுமென்று நினைத்தேன்.

புரதத் தரவு வங்கியின் இணையத்தளத்தில் இந்தக் கட்டமைப்புகள் எல்லாம் இலவசம். நான் எடுத்தது 1ஏஓ7 என்ற கோப்பு. மனித ரி கல வாங்கி ஒன்று எச்எல்ஏ-ஏ2 என்ற மனித எம்எச்சி ஏந்தியையும், எச்டிஎல்வி-1 வைரசின் ஒன்பது அமினோ அமிலத் துண்டையும் தொட்டபடி நிற்கும் அமைப்பு, 1996 இல் வெளியானது. அமினோ அமிலம் என்பது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. கடைத் தம்பி கணினியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது பூக்கோவா மாதிரியெல்லே கிடக்கு" என்றார். ஆனால் என்ன வேண்டுமென்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்குத் திரும்பவும் போவேன்.

முதல் பிரின்ட் பாதியில் கரண்ட் நின்று வீணாகிப்போனது. அதற்குக் காசு எடுக்கவில்லை. இரண்டாவது முழுதாக வந்தது, ஆனால் எல்லாம் ஒரே வெள்ளை. ஏந்தியின் பள்ளத்தில் துண்டு எங்கே கிடக்கிறதென்று எனக்கே தேட வேண்டியிருந்தது. செய்விக்கிறவர்கள் துண்டைத் தனிக் கோப்பாகக் கொடுத்து, வேறு நிறத்தில் கேளுங்கள். எனக்குப் பிறகு சிவப்பில் செய்து தந்தார்கள். தாங்குகால்களை வெட்டும்போது அதில் ஒரு மொட்டு முறிந்துபோக, மூன்றாம் முறையும் அடிக்க வேண்டி வந்தது. அந்த மொட்டை நான் விட்டுக்கொடுக்க முடியாது. அது ஐந்தாவது அமினோ அமிலமான தைரோசின். துண்டின் இரண்டாவதும் ஒன்பதாவதும் கீழே ஏந்திக்குள் ஊன்றி நிற்க, இந்தத் தைரோசின் மேலே நிமிர்ந்து, வாங்கியின் அல்பா, பீட்டா என்ற இரு சங்கிலிகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் போகிறது. அது இல்லாவிட்டால் பார்க்க வேண்டியதே இல்லை.

இப்போது மாதிரி ஒரு சாண் உயரத்துக்கு மேல். உண்மை அளவை ஒரு கோடி மடங்குக்கும் கூடப் பெருப்பித்தது. வாங்கி ஏந்திக்கு நேராக இல்லாமல் குறுக்காகச் சரிந்து உட்காருவதைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். சிவப்புத் துண்டு சுண்டுவிரல் கணுவளவுதான். "இவ்வளவு பெரிய சாமான் இந்தச் சின்னத் துண்டுக்கோ?" என்று ஒரு பெடியன் கேட்டான். பதினைந்து வருடத்தில் அந்தக் கேள்வி வகுப்பில் வந்தது அதுவே முதல் தடவை.

இனிக் காந்தம். வாங்கியும் ஏந்தியும் கழன்று பொருந்த, உள்ளே காந்தம் வைத்துத் தந்தார்கள். டக்கென்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்க இரண்டு கையும் வேண்டும். பார்க்க வடிவு, படிப்பிக்கப் பிழை. உண்மையில் இந்தப் பிடி மிக மெல்லியது. நல்ல பிறபொருளெதிரி ஒன்றின் பிடியோடு பார்த்தால் ஆயிரம் மடங்கு தளர்வு. தொட்டுப் பார்த்து, இல்லையென்றால் விட்டு, அடுத்ததைத் தொட்டுத்தான் ரி கலம் வேலை செய்கிறது.

இதை நான் சின்ன விசயமாக எடுக்காததற்குக் காரணம் சிகிச்சை. 2006 இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் ரோசன்பேர்க்கின் குழு, நோயாளியின் சொந்த ரி கலங்களை எடுத்து, மெலனோமா என்ற தோல் புற்றுநோயைக் காணும் வாங்கியின் மரபணுவைப் புகுத்தித் திரும்ப ஏற்றினார்கள். இரண்டு பேருக்குக் கட்டிகள் சுருங்கின. பிறகு வேறொரு குழு, பிடியை இறுக்கினால் இன்னும் நன்றாக வேலை செய்யுமென்று, மேஜ்-ஏ3 என்ற புற்றுநோய்த் துண்டுக்கு இறுக்கிய வாங்கி ஒன்றைச் செய்தார்கள். அது இதயத் தசையின் ரைட்டின் புரதத்துத் துண்டையும் பிடித்தது. இரண்டு நோயாளிகள் இறந்துபோனார்கள். அந்த இரு துண்டுகளின் ஒன்பது அமினோ அமிலங்களில் ஐந்து ஒன்றேதான்.

இறுக்குவதே பிழை என்றும் சொல்லமாட்டேன். 2022 இல் அனுமதி பெற்ற டெபென்டாபுஸ்ப் மருந்தில் இருப்பது மிக இறுக்கமாக்கிய வாங்கிதான். கண் மெலனோமாவுக்கான ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 73 வீதமானோர் ஒரு வருடம் தாண்டி வாழ்ந்தார்கள், மற்றச் சிகிச்சைகளில் 59 வீதம். 2024 ஓகஸ்டில் சைனோவியல் சார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோய்க்கு ரெசெல்ரா என்ற கலச் சிகிச்சையும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டும் குறிப்பிட்ட எச்எல்ஏ-ஏ2 வகை உள்ளவர்களுக்கு மட்டும். ஏந்தி மாறினால் மருந்துக்குக் கண் தெரியாது.

இதைச் சொன்ன அன்று வகுப்பு முடிய ஒரு பிள்ளை மேசையடியில் நின்றது. அதன் தாய் மார்பகப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வருகிறவர். "மிஸ், இது அம்மாவுக்குச் சரிவருமோ?" என்று கேட்டது. இந்த இரண்டும் வேறு புற்றுநோய்களுக்கானவை, அம்மாவுக்கு இப்ப நடக்கிற வைத்தியத்தை ஒரு நாளும் விடவேண்டாம் என்று சொன்னேன். பிள்ளை சிவப்புத் துண்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

காந்தத்தை மாற்ற 400 ரூபாய் எடுத்தார்கள். இப்போது சாதுவாக ஒட்டி, லேசாக ஆட்டினால் கழன்றுவிடும். முதலிலேயே மெல்லிய காந்தம் என்று சொல்லிவிடுங்கள். வெயிலில் காருக்குள் விட வேண்டாம், வளையும். சங்கிலிகள் முடியும் இடங்களில் விளிம்பு கூர், உரைதாள் போட்டுத் தேய்த்துக் கொடுங்கள்.

அடுத்ததுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மேஜ்-ஏ3 துண்டோடும் ரைட்டின் துண்டோடும் அந்த வாங்கியை ஒத்த ஒன்று நிற்கும் இரண்டு கட்டமைப்புகளும் தரவு வங்கியில் இருக்கின்றன. துண்டுகள் இரண்டையும் ஒரே நிறத்தில் அடிக்கச் சொன்னேன். எது கட்டி, எது இதயம் என்று பிள்ளைகள் தடவியே கண்டுபிடிக்கட்டும்.