அம்மா வாக்காளர்தான் என்று எழுதி வாங்கிய கதை: தளத்துக்கு மூன்று ஸ்டார், தாலுகா ஆபீஸுக்கு நாலு

ஓட்டுப் போடும் ஆர்வத்தில் அலைந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அக்காவுக்கு ஷார்ஜாவில் இரண்டாவது பிரசவம், அம்மா போயாக வேண்டும், அம்மாவுக்கோ இதுவரை பாஸ்போர்ட்டே கிடையாது. ஆதாரில் பழைய வீட்டு முகவரி. அதை மாற்றலாம் என்றால் அதற்கும் ஒரு முகவரிச் சான்று கேட்பார்கள். கரண்ட் பில், வீட்டு வரி, கேஸ் புத்தகம் எல்லாமே அப்பா பெயரில், அப்பா 2023-ல் போய்விட்டார். யோசித்துப் பார்த்ததில், 2019-ல் வீடு மாறியபோது அப்பா மறக்காமல் செய்த ஒரே வேலை வாக்காளர் பட்டியலில் இரண்டு பேர் முகவரியையும் மாற்றியது என்று ஞாபகம் வந்தது. ஆனால் புது அட்டை வரவே இல்லை. கையில் இருந்தது தொண்ணூறுகளில் கொடுத்த கறுப்பு வெள்ளை அட்டை, லேமினேஷன் ஓரம் பிரிந்து, போட்டோவில் அம்மாவா பெரியம்மாவா என்று தெரியாத மாதிரி, எண்ணோ குறுக்குக்கோடு போட்ட பழைய தினுசு.

ஆக எனக்குத் தேவைப்பட்டது, இந்த அம்மா இந்த முகவரியில் வாக்காளர் என்று தேர்தல் துறை கொடுக்கும் ஒரு காகிதம். நடந்தது போன வருஷம், 2025 ஆகஸ்டில். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை.

முதலில் ஆன்லைன். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் பெயர் தேடுவது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அட்டை எண்ணை வைத்துத் தேடலாம், விவரங்களை வைத்துத் தேடலாம், மொபைல் எண்ணை வைத்தும் தேடலாம். குறுக்குக்கோடு எண்ணைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. விவரங்களைப் போட்டுத் தேடியதும் வந்துவிட்டது: புது வீட்டு முகவரி, பாகம் எண், வரிசை எண், மூன்று எழுத்தும் ஏழு இலக்கமுமாகப் புது அட்டை எண். பழைய எண் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பட்டியலில் பெயரே போய்விட்டது என்று பதறவேண்டாம், இப்படித் தேடிப் பாருங்கள், அநேகமாக எண்தான் மாறியிருக்கும்.

சரி, எண் கிடைத்துவிட்டது, இ-எபிக், அதாவது மின்னணு வாக்காளர் அட்டை, அதை இறக்கிக்கொள்ளலாம் என்று போனேன். 2021 ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று ஆரம்பித்த வசதி இது. கியூஆர் கோடு போட்ட பிடிஎஃப், இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. ஓடிபி அனுப்பு என்று அழுத்தினேன். அது அப்பாவின் பழைய நம்பருக்குப் போனது. அந்த சிம்மை நாங்கள் விட்டுவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது யார் கையில் இருக்கிறதோ தெரியாது, அவருக்கு அன்றைக்கு மட்டும் நாலு ஓடிபி போயிருக்கும், மன்னிக்கவும் ஐயா.

மொபைல் எண்ணை மாற்ற ஃபார்ம் 8 போட வேண்டும். முகவரி மாற்றம், பிழை திருத்தம், அட்டை தொலைந்துபோனால் மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று பதிவது என எல்லாவற்றுக்கும் 2022 ஆகஸ்டிலிருந்து இந்த ஒரே படிவம்தான். பலரும் பழக்கதோஷத்தில் 8ஏ என்று இன்னும் கேட்கிறார்கள். போடுவதுதான் போடுகிறோம் என்று அம்மா பெயரில் இருந்த பிழையையும் சேர்த்துக்கொண்டேன். அம்மாவின் பெயர் 'ஞான' என்று ஆரம்பிக்கும், பட்டியலில் 'க்ஞான' என்று இருந்தது. ஆங்கிலத்தில் அடித்தால் தளமே தமிழில் எழுத்துப்பெயர்த்துக்கொள்கிறது, யாரும் திரும்பிப் பார்க்காமல் சமர்ப்பித்தால் இப்படித்தான் ஆகும். தமிழ்ப் பெட்டியில் கையால் திருத்த முடியும், ஆனால் அதை நீங்களாகக் கவனிக்க வேண்டும். இதற்காகவே ஒரு ஸ்டார் குறைக்கிறேன். கேப்ட்சாவுக்கும் நடுவில் வெளியே தள்ளிவிடுவதற்கும் சேர்த்து இன்னொன்று.

பக்கத்துத் தெரு நெட் சென்டரில் இதையே 200 ரூபாய்க்குச் செய்து தருகிறார்கள். நீங்களே செய்யலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் மொபைல் எண்ணைப் பதிந்துவிட்டால் உங்கள் கதை என் கதையை விட மோசமாகிவிடும்.

விண்ணப்பம் போட்டால் ஒரு எண் தருகிறார்கள், அதை வைத்து எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். பத்து நாள் அசையவில்லை. பிரசவம் நெருங்குகிறது, அம்மா தினமும் காலையில் "என்னடா ஆச்சு" என்று கேட்பார். எதிர்வீட்டில் ஒரு வக்கீல் மாமா இருக்கிறார். அவர்தான், "ஏம்பா, வாக்காளர் பட்டியல் நகலை அட்டெஸ்ட் பண்ணி வாங்கிக்கலாமே, அது உரிமைப்பா" என்று கிளப்பிவிட்டார். 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் 33-வது விதி. பதிவு அலுவலர் வைத்திருக்கும் பட்டியலையும் அது சார்ந்த காகிதங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கட்டி சான்றளித்த நகல் வாங்கலாம். எனக்கு இது புதுச் செய்தி. மறுநாளே அம்மாவையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன்.

தேர்தல் பிரிவு மாடியில். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், வயசானவர்கள் ஏறுவது கஷ்டம். உள்ளே இரண்டு பீரோ, கட்டுக்கட்டாகப் படிவங்கள், ஒரு மூலையில் வாக்குச்சாவடி அட்டைப் பலகைகள். எழுத்தர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு அம்மாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா சார்?"

நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் அனுபவத்தில் இந்த நகல் கேட்டு வருபவர்கள் வேட்பாளர்கள் மட்டும்தான். தன் பெயர் இருக்கும் தொகுதியை விட்டு வேறு தொகுதியில் நிற்பவர், வேட்புமனுவோடு, இல்லாவிட்டால் மனு பரிசீலனையின்போதாவது, தன் பெயர் இருக்கும் பகுதியின் சான்றளித்த நகலைக் கொடுத்தாக வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆமாம்பா, இந்த மாடிக்கு லிஃப்ட் போடுறேன்னு சொல்லித்தான் நிக்கப்போறேன்" என்றார்.

அந்தச் சிரிப்பில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் பொதுமக்களுக்கு அப்படித் தருவதில்லை, ஆன்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொன்னார். விதி எண்ணைச் சொன்னேன், குரலை உயர்த்தாமல். தேர்தல் துணை வட்டாட்சியரிடம் அனுப்பினார். அவர் வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதச் சொன்னார், பாகம் எண், வரிசை எண் தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. போகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தெருப்பெயர் வைத்துத் தேடுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். கட்டணம் பெரிய தொகை இல்லை, ரசீது போட்டுத் தந்தார்கள். மறுநாள் மதியம் நகல் கிடைத்தது, கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி எல்லாம் சரியாக.

ஒரு பக்கத்தில் முப்பது கட்டம், எங்கள் தெருவே அதில் இருந்தது. அம்மாவின் கட்டத்துக்கு மேல் கட்டத்தில் அப்பா, வயது 76 என்று. பட்டியலில் வருஷா வருஷம் வயதை ஏற்றிக்கொண்டே வருகிறார்கள், போனவருக்கும் சேர்த்து. நீக்கச் சொல்லி ஃபார்ம் 7 நாங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அம்மா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். துணை வட்டாட்சியர் அதைப் பார்த்துவிட்டு, "அப்புறமா மெதுவா குடுங்கம்மா, அவசரமில்லை" என்றார். நாலாவது ஸ்டார் அதற்குத்தான்.

இப்போது என் முட்டாள்தனம். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய நகல் பாஸ்போர்ட்டுக்கு உதவாது. அங்கே முகவரிச் சான்றாகக் கேட்பது வாக்காளர் அட்டை, பட்டியல் நகல் இல்லை. இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். வக்கீல் மாமாவுக்குக் கோர்ட்டில் இது வேதவாக்கு, அந்த ஞாபகத்தில் சொல்லிவிட்டார். எந்தக் காகிதத்துக்கும் முன்னால், வாங்கப்போகிறவர் எதைக் கேட்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள். தேர்தல் சமயத்தில் வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை அட்டை மாதிரி பத்திரப்படுத்தி வைப்பவர்களும் உண்டு. 2019-லிருந்து வாக்குச்சாவடியிலேயே அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது.

ஆனால் போனது வீண் இல்லை. நிலுவையில் இருந்த ஃபார்ம் 8 எண்ணைத் துணை வட்டாட்சியரிடம் காட்டியிருந்தேன். இரண்டு நாளில் எங்கள் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தார், அங்கன்வாடி டீச்சர், அம்மாவுக்கு முன்பே பழக்கம். காப்பி குடித்துக்கொண்டே போனில் பதிந்துவிட்டுப் போனார். அந்த வாரமே ஏற்கப்பட்டது, ஓடிபி என் போனுக்கு வந்தது, இ-எபிக் இறங்கியது. பிளாஸ்டிக் அட்டை பிறகு ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது, அதை எடுத்துக்கொண்டுதான் பாஸ்போர்ட்டுக்குப் போனோம். பெயர் 'ஞான' என்றே இருக்கிறது. போட்டோ மட்டும் பழையதுதான், போட்டோவை மாற்றவும் அதே படிவத்தில் இடம் உண்டு என்பதை நான் கவனிக்கவில்லை. அம்மா இதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை, அம்மா போய்விட்டு தீபாவளிக்குத் திரும்பிவிட்டார். நவம்பரில் எஸ்.ஐ.ஆர்., அதாவது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், ஆரம்பித்து, அதே டீச்சர் பெயர் அச்சடித்த படிவங்களோடு வந்தார், ஆளுக்கு இரண்டு பிரதி. பழைய பட்டியலில் அம்மா எங்கே இருந்தார் என்று கேட்கும் கட்டம் அதில் இருந்தது, தொகுதி மறுசீரமைப்புக்கு முந்தைய தொகுதிப் பெயரைத் தேடிப்பிடிக்க ஒரு மாலை ஆனது. அப்பா பெயரிலும் ஒரு படிவம் வந்திருந்தது. அதை நிரப்ப வேண்டாம், இறந்துவிட்டார் என்று நானே குறித்துக்கொள்கிறேன் என்றார் டீச்சர். அம்மா அதை வாங்கி, மடிக்காமல், ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.