வயசான நாய்க்கு எது தோது? ஒரு சென்னை வீட்டுக் கணக்கு

வயசான நாய்க்கென்று சென்னையில் இன்று விற்காத பொருள் இல்லை. மூட்டுப் பொடி, சீனியர் தீனி, மெமரி ஃபோம் மெத்தை, சக்கர வண்டி, லேசர் சிகிச்சை. எதை வாங்குவது, எதை விடுவது? நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: நாய் ஒரு நாளில் எத்தனை தடவை படுத்து எழுகிறதோ அத்தனை தடவையும் உதவுகிற பொருளுக்கு முதல் காசு, எப்போதாவது உதவுவதற்கு மிச்சக் காசு. இப்படிப் பார்த்தால் விலை கூடிய பல சமாச்சாரங்கள் கீழே இறங்கிவிடும். பரணில் கிடக்கும் சில சாமான்கள் மேலே ஏறிவிடும்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிப் பெரிய உடம்புக்காரர்களுக்கு 7 வயதிலேயே முதுமை எட்டிப் பார்க்கும். பொமரேனியன் போன்ற சின்ன ஜாதிகள் 10 வரை துள்ளும். எங்கள் வீட்டில் இருப்பவன் 12 வயது லாப்ரடார். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஹால் முழுக்க வழவழ டைல்ஸ். கீழே வருவதையெல்லாம் இந்த வீட்டை மனதில் வைத்துப் படியுங்கள். தனி வீடும் மண் தரையும் உள்ளவர்களுக்குப் பாதிப் பிரச்சினை கிடையாது.

தரை: பாயா, சாக்ஸா

மூட்டு தேய்ந்த நாய் டைல்ஸில் எழுவதை ஒருநாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முன்னங்காலை ஊன்றி நெஞ்சைத் தூக்கும். பின்னங்கால் நகம் தரையில் கீச்சென்று இழுபடும். இரண்டு காலும் ஆளுக்கொரு பக்கம் அகலும், பின்புறம் தொப்பென்று மறுபடி உட்காரும். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு முயற்சி. இப்படி வழுக்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பில் சுரீரென்கும். கொஞ்ச நாளில் எழுவதையே அது குறைத்துக்கொள்ளும். நாமோ "வயசாச்சுல்ல, தூங்கிட்டே இருக்கான்" என்போம்.

இதற்குக் கடையில் கிடைப்பது அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ். போட்டவுடன் பிடிப்பு வரும், மறுக்க முடியாது. ஆனால் ரப்பர் பக்கம் மேலே வருகிற மாதிரி சாக்ஸ் திரும்பிக்கொண்டால் முன்னைவிட மோசமாக வழுக்கும். நாய்க்கு வியர்ப்பதே பாதத்தில்தான். நம்மூர்ப் புழுக்கத்தில் நாள் முழுக்கப் போட்டு வைத்தால் விரலிடுக்கு வெந்து புண்ணாகும். கிளினிக்கின் வழுக்குத் தரைக்கு அரை மணி நேரம் போட்டுக் கழற்றினால் சரி.

என் ஓட்டு யோகா மேட்டுக்கு. நீளவாக்கில் வெட்டி, படுக்கையிலிருந்து தண்ணிக் கிண்ணத்துக்கும் அங்கிருந்து வாசலுக்கும் பாதை போடுங்கள். ஹால் முழுக்க விரிக்க வேண்டாம். இரண்டே நாளில் நாய் அந்தப் பாதையிலேயே நடக்கப் பழகும். விளிம்பில் இரட்டைப் பக்க டேப் ஒட்டாவிட்டால் நாய்க்குப் பதில் வீட்டுப் பாட்டி தடுக்கி விழுவார். தேங்காய் நார் மிதியடி பிடிப்பில் யோகா மேட்டைவிட உசத்தி, ஆனால் ஒரு தடவை மூத்திரம் ஊறினால் அந்த நாற்றம் போகவே போகாது.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, செலவும் இல்லாதது. நகத்தை வெட்டி, பாதத் திண்டுகளுக்கு நடுவே வளரும் முடியைக் கத்தரித்துவிடுங்கள். நடை குறைந்த நாய்க்கு நகம் தேய்வதில்லை. நீண்ட நகம் பாதத்தைத் தரையில் முழுசாகப் பதிய விடாது.

படுக்கை: மெத்தையா, வெறுந்தரையா, கட்டிலா

இங்கேதான் வெளிநாட்டு அறிவுரையும் சென்னை வெயிலும் மோதிக்கொள்கின்றன. மூட்டு நோய்க்கு மெத்தென்ற படுக்கை வேண்டும் என்பது உண்மை. கடினத் தரையிலேயே கிடந்தால் முழங்கை தடித்துக் காய்த்து, ஒருநாள் வெடித்துப் புண்ணாகிவிடும். ஆனால் கத்திரி வெயிலில் மெமரி ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாய் அதை மோந்து பார்த்துவிட்டு, பாத்ரூம் வாசல் டைல்ஸில் போய் நீட்டிப் படுத்துக்கொள்ளும். பல வீடுகளில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெத்தையில் இப்போது பூனையோ பேரப்பிள்ளையோ தூங்குவது இதனால்தான்.

நடுவழி நாடாக் கட்டில். நாலு காலையும் அறுத்து அரையடிக்கும் கீழே உயரத்தைக் குறைத்தால் நாய் ஏறுவதற்குத் தாண்ட வேண்டியதில்லை. அடியில் காற்று போகும், முழங்கையில் பாரம் விழாது, நாடா தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம், மூத்திரம் போனால் கழுவி மொட்டை மாடியில் சாய்த்து வைக்கலாம். ஒரே குறை: பின்னங்கால் ரொம்ப வலுவிழந்த நாய்க்கு நாடா அமுங்குவதால் அதிலிருந்து எழுவது சிரமம். அப்படிப்பட்ட நாய்க்கு, தளராத கெட்டி மெத்தை, மேலே பருத்திப் புடவை, பக்கத்தில் ஏசி. மார்கழியில் எல்லா நாய்க்கும் மெத்தைதான்.

கூலர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, ஈரம் ஆவியாவதால்தான் சூட்டைக் கழிக்கிறது. கூலர் காற்றில் ஈரத்தைச் சேர்க்கிறது. ஏற்கெனவே ஈரம் சொட்டும் கடலோர ஊரில் அது உபகாரமாகாது. ஏசியை 26, 27-ல் வைத்தால் போதும். வயசான லாப்ரடார்களுக்குக் குரல்வளைத் தசை தளர்ந்து மூச்சு கரகரவென்று ஒலிப்பது உண்டு. அந்தச் சத்தம் கேட்கிற நாய்க்கு மே மாதத்தில் ஏசி ஆடம்பரம் இல்லை.

மாடிப்படிக்கு: ஹார்னஸா, பழைய வேட்டியா

30 கிலோவுக்கு மேலான நாயை இரண்டு மாடி தூக்கி இறக்கினால் அடுத்து நம் இடுப்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். பழைய வேட்டியை நாலாக மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்தால் பின்பாரம் நம் கைக்கு வந்துவிடும். முன்னங்கால் தானாக நடக்கும். கைப்பிடி வைத்த ஹார்னஸ் இன்னும் சௌகரியம்; தினம் நாலு வேளை ஏற்றி இறக்குபவர்கள் வாங்கிவிடலாம். ஆண் நாய்க்கு வேட்டி முன்னால் நகர்ந்தால் மூத்திரம் போக முடியாது, இடுப்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும். பால்கனியிலேயே ட்ரே வைத்துவிடலாமே என்பார்கள். ஆயுசு முழுக்கத் தெருவில் போய்ப் பழகின நாய் மானஸ்தன். அடக்கிக்கொண்டே கிடக்கும், மூத்திரப் பையில் தொற்று வரும். ட்ரேயில் தெருமண்ணையோ ஒரு துண்டு புல்தரையையோ வைத்துப் பழக்கினால் சில நாய்கள் இறங்கி வரும்.

சாப்பாடு: தயிர்சாதமா, பாக்கெட் தீனியா, சமைத்த கறியா

வயசான நாய்க்குத் தயிர்சாதம்தான் ஏற்றது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 100 கிராம் சோற்றில் புரதம் 3 கிராம்கூடத் தேறாது. அதே 100 கிராம் வேகவைத்த எலும்பில்லாத கோழியில் 30 கிராம் வரை இருக்கும். முதுமையில் நாய்க்குத் தசை கரைகிறது, புரதம் குறைந்தால் இன்னும் வேகமாகக் கரையும். புரதத்தைக் குறைப்பது சிறுநீரகம் கெட்டது என்று பரிசோதனையில் தெரிந்த நாய்க்கு, டாக்டர் சொல்லும் அளவில்தான். வெறும் வயசுக்காகக் குறைக்க வேண்டியதில்லை. சாம்பார் சாதம் தயிர்சாதத்தைவிட மோசம்: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

பாக்கெட் தீனியில் சத்துக் கணக்கு சரியாக இருக்கும், அளந்து போடவும் சுலபம். ஆனால் அதில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கிழத்துக்கு வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். பல் ஆடுகிற வாய்க்கும் அதுவே நல்லது. வீட்டில் சமைத்த கறியும் சோறும் வாசத்துக்காகவே உள்ளே போகும், ஆனால் அதில் கால்சியம் போதாது. கறியோடு கால்சியத்துக்கும் டாக்டரிடம் ஒரு கணக்குக் கேட்காமல் வருஷக்கணக்காகப் போடக் கூடாது. நான் முக்கால் பங்கு ஊறவைத்த தீனி, மேலே கொஞ்சம் கோழி என்று கலந்து போடுகிறேன். வாரத்தில் சில நாள் முள் எடுத்த மத்தி. மூட்டு வீக்கத்துக்கு மீனெண்ணெய் உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு.

ஆனால் எதைப் போடுகிறோம் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் பெரிய விஷயம். நாய்த்தீனிக் கம்பெனியான பியூரினா 48 லாப்ரடார்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 25 சதவீதம் தீனி குறைத்து ஆயுசு முழுக்கக் கவனித்தது. 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவற்றில் பாதி 13 வயதைத் தாண்டின, மற்றவற்றில் பாதி 11.2 வயதைத்தான் தாண்டின. மூட்டு நோய்க்கு வைத்தியம் தேவைப்பட்டதும் பிந்தித்தான். தீனி விற்கிற கம்பெனியே குறைத்துப் போட்டுப் பார்த்துச் சொன்னது என்பதால் எனக்கு இதில் தனி நம்பிக்கை. விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் அடுத்த வேளையிலிருந்தே அளவைக் குறைக்கலாம். பிஸ்கட்டும் கணக்கில் சேரும், தாத்தா ஒளித்துக் கொடுப்பதும் சேரும்.

வலிக்கு: பொடியா, மாத்திரையா

மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் பொடிகளுக்குக் கிடைக்கும் விளம்பரத்தோடு ஒப்பிட்டால் ஆதாரம் மெலிசு. கெடுதல் இல்லை, ஆனால் பணம் கொஞ்சமாக இருந்தால் நான் முதலில் நிறுத்துவது இதைத்தான். நொண்டும் நாய்க்கு வேலை செய்வது மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் மாதிரி நாய்க்கான வலி மருந்து. ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் எழுதித் தந்து, சாப்பாட்டோடு. வாந்தியோ கறுத்த மலமோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே போன் போட வேண்டும். ஸ்டீராய்டு ஓடும்போது இதைச் சேர்க்கக் கூடாது. வீட்டு மருந்து டப்பாவில் நமக்காக வைத்திருக்கும் ஐப்யூப்ரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் இந்தப் போட்டியிலேயே கிடையாது. நாயின் குடலில் புண்ணும் சிறுநீரகத்தில் சேதமும் வரும்.

நொண்டல் எல்லாம் மூட்டுத் தேய்மானம் என்றும் முடிவு கட்டாதீர்கள். சென்னையில் உண்ணிக்குச் சீசன் கிடையாது. உண்ணிக் காய்ச்சலிலும் நாய் சோர்ந்து, மூட்டு வலித்து, சாப்பிடாமல் கிடக்கும். அதில் சில வகைகள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கில் குணமாகும், வயசு என்று விட்டுவிட்டால் ஆபத்து. தடுப்புக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைவிட மாத்திரை எனக்குத் தோதாக இருக்கிறது: குளிப்பாட்டினால் போய்விடாது, வகையைப் பொறுத்து ஒரு மாதமோ 12 வாரமோ தாங்கும். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில வகைகள் ஒத்துவராது.

நடை: பீச்சா, மொட்டை மாடியா, தெருவா

ஒரே மூச்சில் நீண்ட நடையைவிடப் பத்துப் பதினைந்து நிமிஷமாக இரண்டு மூன்று தடவை. பெசன்ட் நகர் பீச் என்றால் அலை தொட்டு இறுகின ஈர மணலில் மட்டும்; காய்ந்த மணலில் கால் புதைந்தால் இடுப்புக்கு வேலை கூடும். மொட்டை மாடி விடிகாலையில் அருமை, தெருநாய்ச் சண்டை இல்லை. எட்டு மணிக்கு மேல் தளத்தில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாத சூட்டில் அதை நடத்த வேண்டாம். தெரு மோசம்தான், ஆனால் விளக்குக் கம்பத்தை மோந்து பார்க்கிற சுகம் மாடியில் கிடைக்காது. என்னவன் தினம் ஒருவேளையாவது தெருவுக்குத்தான் போகிறான்.

ஆஸ்பத்திரி: வேப்பேரியா, பக்கத்துக் கிளினிக்கா, வீட்டுக்கு வரும் டாக்டரா

1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. எலும்பு, கண், இதயம் என்று துறை டாக்டர்களும் ஸ்கேனும் ஒரே வளாகத்தில், செலவும் குறைவு. பதிலுக்கு நாம் கொடுப்பது நேரம். குரைக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு கிழ நாயை அரை நாள் காக்க வைப்பது சாதாரணமில்லை. பக்கத்துக் கிளினிக் டாக்டருக்கு நம் நாயின் சரித்திரமே தெரியும், ராத்திரியில் போனை எடுப்பார். வீட்டுக்கு வருபவர் தடுப்பூசி, ரத்தம் எடுப்பது, நகம் வெட்டுவது ஆகியவற்றுக்குப் பொருத்தம். எக்ஸ்ரே அவர் பையில் வராது.

மூன்றையும் பங்கு போட்டுக்கொள்வதுதான் எனக்குச் சரிப்படுகிறது. வழக்கமான வைத்தியம் பக்கத்தில், ஆறு மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை வீட்டில், விடை தெரியாத நோய்க்கு மட்டும் வேப்பேரி. எங்கே போனாலும் அன்றைக்குக் காலையில் பிடித்த முதல் மூத்திரத்தைச் சுத்தமான டப்பாவில் கொண்டுபோங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) ஏறுவது சிறுநீரகத்தின் வேலைத்திறன் முக்கால் பங்கு போன பிறகுதான். மூத்திரம் நீர்த்துப்போவது அதற்கு முன்பே தெரியும். நாய் தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்கச் சொல்லுங்கள். போனில் அது எழுந்து நடக்கும் வீடியோவும் இருக்கட்டும், ஏனென்றால் டாக்டர் மேஜையைப் பார்த்தவுடன் எல்லா நாயும் நொண்டுவதை நிறுத்திவிடும்.