பில்லில் ‘சார்ஜிங் அப்கிரேட்’, வண்டியில் வெறும் ரிலே

மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியில்) லித்தியம் பேட்டரி மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு பட்டறை என்னிடம் 1,450 பவுண்ட் வாங்கிக்கொண்டு, வண்டியே தீப்பிடித்திருக்கக்கூடிய வேலையைச் செய்து கொடுத்தது. பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்து வரும் வண்டி. அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

வண்டி ஃபியட் டுகாட்டோ, யூரோ 6 (ஐரோப்பிய புகை அளவு விதி) இன்ஜின். ஃப்ரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்பு எல்லாவற்றுக்கும் இருந்த பழைய ஏஜிஎம் (ஈய வகை) பேட்டரியை எடுத்துவிட்டு 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் போட வேண்டும். வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆக 30 ஆம்ப் பி-டு-பி சார்ஜர் (இன்ஜின் பக்கத்து மின்சாரத்தை அளவாக்கி இந்த பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி) வைக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த கொட்டேஷனில் இரண்டும் எழுத்தில் இருந்தன. பில்லில் மட்டும் பொதுவாக ‘சார்ஜிங் அப்கிரேட்’ என்று போட்டிருந்தார்கள்.

அந்த பி-டு-பி சார்ஜர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரியின் உள் மின்தடை மிகக் குறைவு. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரோடு நேராகச் சேர்த்துவிட்டால், கிடைக்கிற மின்சாரத்தை எல்லாம் நிறுத்தாமல் இழுக்கும். ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டோடுதான் சுற்றுகிறது. டிராஃபிக்கில் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது காற்று குறைவு, சுமையோ முழுச் சுமை. சுருளும் டயோடுகளும் வெந்துபோகும். நடுவில் பி-டு-பி இருந்தால் பேட்டரிக்கு 30 ஆம்ப் என்றால் 30தான், அதற்கு மேல் விடாது. யூரோ 6 வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த 12.5 வோல்ட் அளவுக்கு இறங்கும், வேகத்தைக் குறைக்கும்போது 15 வோல்ட் பக்கம் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்து பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுப்பதும் அதே சார்ஜர்தான்.

ஸ்காட்லாந்து போகும் வழியில் எம்6 சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது ரப்பர் கருகும் வாடை வந்தது. பட்டறைக்குப் போன் செய்தேன். “புது ஒயர், அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். பெர்த் தாண்டியதும் டாஷ்போர்டில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆல்டர்னேட்டர் போய்விட்டது. ரெக்கவரி வண்டி வந்து இழுத்துப் போனது.

திரும்பி வந்ததும், வாகன மின்வேலை செய்யும் தெரிந்த அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். சீட்டுக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றினார். “தம்பி, சார்ஜர் எங்கே? இங்கே ஒன்றுமே இல்லையே” என்றார். இருந்தது ஒரு 140 ஆம்ப் ரிலே, வோல்டேஜைப் பார்த்து இரண்டு பேட்டரியையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் மலிவான வகை சுவிட்ச். சிவப்பு ஒயரின் உறை பழுப்பாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ஃபியூஸ் ஹோல்டர் ஒரு பக்கம் உருகிக் கோணியிருந்தது. அந்த ஃபியூஸும் இன்ஜின் பேட்டரி முனையில் மட்டும்தான். லித்தியம் முனையில் ஃபியூஸே இல்லை. இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிற ஒயர் இது. நடுவில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும், அதனால் இரண்டு முனையிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். இதுகூடத் தெரியாதவர்கள் கையில் வண்டியைக் கொடுத்திருக்கிறேன் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அந்த ரிலே பொதுவாக 13.3 வோல்ட்டில் சேரும், 12.8க்குக் கீழே வந்தால் பிரியும். ஈய பேட்டரிக்கு அது பொருந்தும். நிறைந்த லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் பக்கம் நிற்கும். இந்த வகை ரிலே இரண்டு பக்கத்து வோல்டேஜையும் பார்ப்பதால், இன்ஜினை அணைத்த பிறகும் பிரியவே பிரியாது. இரவு முழுக்க இரண்டு பேட்டரியும் சேர்ந்தே கிடக்கும். காலையில் சீட்டுக்கு அடியில் லேசான சூடு இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பட்டறையில் கேட்டபோது முதலில் ஆல்டர்னேட்டர் பழசு என்றார்கள். அப்புறம், ரிலேயும் ஒரு வகை சார்ஜர்தான் என்றார்கள். இது பச்சைப் பொய். ரிலே வெறும் சுவிட்ச்.

நான் கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தேன். இங்கே 1974ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளோ வேலையோ ஏமாற்றாகிவிட்டால், விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு. கொட்டேஷன் மின்னஞ்சல், படங்கள், அண்ணன் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பினேன். வேலைக்கான பணம் திரும்பி வந்துவிட்டது. ஆல்டர்னேட்டர் செலவுக்கு இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். டிசி ஆம்ப் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று போதும். ஃப்ரிட்ஜ், விளக்குக்கான பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, சோலார், ஹூக்-அப் (வெளியிலிருந்து எடுக்கும் கரண்ட் இணைப்பு) எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இன்ஜினை ஓட்டி, அந்த பேட்டரிக்குப் போகும் ஒயரில் மாட்டுங்கள். 30 ஆம்ப் சார்ஜர் என்றால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் ஏறக்குறைய அதே அளவு காட்டும். என் வண்டியில் 80ஐத் தாண்டியது. அப்படிக் காட்டினால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் சார்ஜரின் மாடல் எண், ஒயரின் தடிமன், இரண்டு ஃபியூஸ்களின் அளவு மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 30 ஆம்ப் கொடுக்கும் சார்ஜர் ஆல்டர்னேட்டர் பக்கம் 40 வரை இழுக்கலாம். ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் ஒயராவது கேளுங்கள். பேட்டரி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஆவதை எது தடுக்கிறது என்றும் கேளுங்கள், இங்கே குளிர்காலத்தில் அது அவசியம். பலகையை மூடும் முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடியாது என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.