முதல் சொட்டு இறங்குவதற்கு முன்: லூப்பஸ் சிகிச்சையில் கருவளத்தைக் காக்க எது, எப்போது?

உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோயான லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது, அந்தச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தை ஏற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லும் நாளில், வீட்டில் எல்லாருக்கும் சிறுநீரகத்தைப் பற்றித்தான் கவலை. பிள்ளைப்பேறு பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, திருமணமாகாத பெண் அதைக் கேட்கவும் கூசுவாள். கூச்சத்தை விட்டுக் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. முதல் சொட்டு இறங்கிவிட்டால் சில வழிகள் அடைபட்டுவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது மருந்தையே. சைக்ளோபாஸ்பமைடு சூலகத்தில் உறங்கிக் கிடக்கும் முட்டைப் பைகளையும் வளர்ந்துகொண்டிருக்கும் பைகளையும் சேர்த்தே அழிக்கிறது. பிறவியிலேயே வந்த அந்தக் கையிருப்பு திரும்ப ஊறுவதில்லை. இழப்பு எவ்வளவு என்பதை வயதும் மொத்த அளவும் தீர்மானிக்கின்றன. 1993இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 7 முறை மட்டும் ஏற்றிக்கொண்ட, 25 வயதைத் தாண்டாத பெண்களில் ஒருவருக்கும் மாதவிடாய் நிரந்தரமாக நிற்கவில்லை. 15 முறையோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்ட, 31 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அனைவருக்கும் நின்றுபோனது. ஆகவே மருத்துவரிடம் 'எத்தனை மாதம்' என்று கேட்பதைவிட 'மொத்தம் எத்தனை கிராம்' என்று கேட்பதே பயன் தரும்.

பழைய முறையில் உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.5 முதல் 1 கிராம் வரை, மாதம் ஒருமுறை, 6 மாதத்துக்கு ஏற்றுவார்கள். யூரோ லூப்பஸ் முறையில் 500 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 தடவை. ஆக மொத்தம் 3 கிராம்தான். சூலகத்துக்கு ஏற்படும் சேதம் இதில் மிகக் குறைவு. அதே வேலைக்கான மைக்கோபீனலேட் மாத்திரையோ சூலகத்தைத் தொடுவதே இல்லை. 2009இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், சிறுநீரக லூப்பஸின் தொடக்கச் சிகிச்சையில் அது சைக்ளோபாஸ்பமைடுக்கு இணையாகவே வேலை செய்தது. ஆனால் கருவில் உள்ள குழந்தைக்கு அது ஊனம் விளைவிக்கும். அதை எடுக்கும் காலத்தில் நம்பகமான கருத்தடை கட்டாயம். கருத்தரிக்க நினைத்தால் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தி அசத்தியோபிரினுக்கு மாற வேண்டும். கரு உருவான பிறகு வரும் இந்த ஆபத்தையும் கருவளம் போவதையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் சூலகத்துக்கும் தீங்கில்லை, கர்ப்பத்திலும் தொடரலாம்.

மருந்தை மாற்ற வழியிருந்தால், எங்கள் கணிப்பில் அதுவே முதல் பாதுகாப்பு. ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். சிறுநீரகம் வேகமாகக் கெடும்போதோ மூளையை நோய் தாக்கும்போதோ முழு அளவு சைக்ளோபாஸ்பமைடு தேவைப்படலாம். அப்போதுதான் மற்ற வழிகளை எடை போட வேண்டியிருக்கிறது.

சூலகத்தை உறங்கவைக்கும் ஊசி

லூப்ரோலைடு 3.75 மில்லிகிராம், மாதம் ஒருமுறை. சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனை அடக்கி, தற்காலிக மாதவிடாய் நிறுத்தத்தை உண்டாக்கும். மாதந்தோறும் சைக்ளோபாஸ்பமைடு பெறும் பெண்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. 2005இல் வந்த ஓர் ஆய்வில், ஊசி போட்ட 20 பேரில் ஒரே ஒருவருக்கும், போடாத 20 பேரில் 6 பேருக்கும் சூலகம் செயலிழந்தது.

பிசகுவது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். ஊசி போட்ட முதல் வாரத்தில் ஹார்மோன் அடங்குவதற்குப் பதிலாக ஒருமுறை எகிறும். அந்த நேரத்தில் சைக்ளோபாஸ்பமைடு இறங்கினால் சூலகம் விழித்திருக்கும்போதே அடி விழும். அதனால் 10 முதல் 14 நாள் முன்பே ஊசி போட வேண்டும். நோய் அவ்வளவு நாள் பொறுக்காது என்றால் முதல் தவணை மருந்தை ஏற்றிவிட்டு, இரண்டாம் தவணைக்கு 10 முதல் 14 நாள் இருக்கும்போது ஊசியைத் தொடங்கலாம். இதற்காக மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு. உடல் தகிப்பு, தூக்கமின்மை வரும். ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதால் எலும்பு தேயும். கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊசியைக் கருத்தடையாக நம்பவும் கூடாது. இது ஆபத்தைக் குறைக்குமே தவிர, கையில் முட்டையைக் கொடுக்காது.

உறைய வைத்தல்

பின்னாளில் பிள்ளை பெறலாம் என்ற உத்தரவாதத்துக்கு முட்டை உறைவிப்பு இன்னும் கொஞ்சம் அருகில் வருகிறது. மாதவிடாய் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். 10 முதல் 14 நாள் வயிற்றில் தினசரி ஊசி, இடையிடையே ஸ்கேன், முடிவில் முட்டையை முதிரவைக்கும் ஊசி. அது போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில், மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனில் அவை இருக்கும்.

லூப்பஸ் உள்ளவருக்கு இங்கே இரண்டு பொறிகள். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் நோய் கிளம்பலாம். ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருந்தால் ரத்தம் உறையலாம். ஈஸ்ட்ரோஜனைத் தாழ்வாக வைக்க லெட்ரசோல் மாத்திரை சேர்ப்பார்கள். முதிரவைக்க வழக்கமான ஹெச்சிஜி ஹார்மோன் ஊசிக்குப் பதிலாக லூப்ரோலைடு வகை ஊசியைப் பயன்படுத்தினால் சூலகம் வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் அபாயம் வெகுவாகக் குறையும். எதிர்ப்பொருள் இருப்பவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போட்டு, முட்டை எடுப்பதற்கு முன்பு நிறுத்தி, பின்பு மறுபடி தொடங்குவார்கள். இவற்றை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பலர் செய்யும் பிழை ஒன்று: முட்டை எடுப்பதற்காகத் தாங்களாகவே மைக்கோபீனலேட்டை நிறுத்திவிடுவது. உடனே கருத்தரிக்கப் போவதில்லையே, நிறுத்தத் தேவையில்லை. சைக்ளோபாஸ்பமைடைத் தவிர மற்ற மருந்துகளைத் தொடரவே அந்த அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. நிறுத்தினால் நோய் சீறும், முட்டை எடுப்பதும் நின்றுபோகும். நோய் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தால் இந்த வழி பொருந்தாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முட்டையா, கருவா? சிங்கப்பூரில் இதற்குச் சட்டமே பாதி விடை சொல்லிவிடுகிறது. கருவை உருவாக்க வேண்டுமானால், சட்டப்படி திருமணமான தம்பதியாக இருக்க வேண்டும். முட்டையைத் திருமணமாகாதவரும் உறைய வைக்கலாம்; மருத்துவக் காரணத்துக்காக அது நெடுநாளாகவே அனுமதிக்கப்பட்டிருந்தது, 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயது வரையுள்ளோர் காரணமின்றியும் செய்யலாம். எப்படி உறைய வைத்தாலும் பயன்படுத்தத் திருமணம் தேவை. இங்கே வாடகைத் தாய் முறையும் இல்லை. கர்ப்பத்தைத் தாங்க உங்கள் உடலால் முடியுமா என்பதை அதனால் இப்போதே வாதநோய் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. திருமணமானவர்களுக்கும் சில முட்டைகளையாவது தனியாக வைக்கச் சொல்வோம். கருவுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும், முட்டை பெண்ணுக்கே உரியது.

சூலகத் திசுவை லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவை மூலம் எடுத்து மெல்லிய பட்டைகளாக உறைய வைப்பது இன்னொரு வழி. ஹார்மோன் ஊசி வேண்டாம், சில நாளில் முடியும். பருவமடையாத சிறுமிக்கு உறைய வைக்க இருப்பது இது ஒன்றுதான். ரத்தத் தட்டணு குறைந்தவருக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கும் அறுவை ஆபத்தாகலாம். திசுவை எடுப்பதே கையிருப்பில் ஒரு பகுதியைக் குறைக்கும் என்பதால், யூரோ லூப்பஸின் 3 கிராம் திட்டத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சேர்த்துச் செய்வதும் உண்டு. நோய் இரண்டு வாரம் பொறுக்குமானால் முட்டையை எடுத்துவிட்டு, கையோடு லூப்ரோலைடு போட்டு, பிறகு மருந்தைத் தொடங்கலாம். பொறுக்காது என்றால் ஊசி மட்டும். சைக்ளோபாஸ்பமைடு தொடங்கிய பின் உடனே முட்டை எடுப்பது வீண். வளர்ந்துகொண்டிருந்த பைகள் மருந்தில் நனைந்தவை. மாதவிடாய் திரும்பிவிட்டதே என்று நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம். கையிருப்பு மெலிந்த பிறகும் மாதவிடாய் வரும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்து ஒப்பிடுங்கள்.

சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனைகளில் கருத்தரிப்பு மையம் உள்ளவை கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகிய மூன்று. டான் டோக் செங் மருத்துவமனையில் லூப்பஸுக்குப் பார்ப்பவர் வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும், அதிலேயே நாள் கரையும். பரிந்துரைக் கடிதத்தில் 'அவசரம்' என்று எழுதி, சைக்ளோபாஸ்பமைடு தொடங்கும் தேதி, திட்டமிட்ட மொத்த கிராம், ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் முடிவு, தட்டணு எண்ணிக்கை, தற்போதைய மருந்துப் பட்டியல் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி, ஆண்டுதோறும் பாதுகாப்புக் கட்டணமும் உண்டு. எதற்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கு செல்லும், எதற்குச் செல்லாது என்பதை மருத்துவ சமூக ஊழியரிடம் அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள்.