‘யுனிவர்சிட்டி பக்கத்துலயே வீடு’: வின்னிபெக்குக்கு டெபாசிட் அனுப்பும் முன்

ஆகஸ்ட் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும், கனடாவின் மேனிட்டோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில் இது தவறாமல் நடக்கிறது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்பும் பிள்ளை, டிக்கெட் போட்ட கையோடு வீடும் தேடுகிறது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ கிஜிஜியிலோ ஒரு விளம்பரம்: ‘யுனிவர்சிட்டிக்கு 5 நிமிடம், பஸ் ஸ்டாப் வாசலில், அமைதியான ஏரியா, பேஸ்மென்ட், ஹைட்ரோ தனி.’ விசாரித்தால், ‘இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே டெபாசிட் போட்டால் உங்களுக்கு’ என்று பதில் வரும். போட்டுவிடுகிறார்கள். வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது, வகுப்பு நடக்கும் இடம் ஊரின் மறுகோடியில்.

விளம்பரத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யுனிவர்சிட்டிக்கு 5 நிமிடம்தான்; ஆனால் அது வேறு யுனிவர்சிட்டி. யுனிவர்சிட்டி ஆஃப் வின்னிபெக் டவுன்டவுனில் இருக்கிறது. யுனிவர்சிட்டி ஆஃப் மேனிட்டோபாவின் முக்கிய வளாகம் தெற்கே ஃபோர்ட் கேரியில். இரண்டுக்கும் நடுவில் சாலை வழி சுமார் 10 கிலோமீட்டர். இது போதாதென்று, மேனிட்டோபா பல்கலையின் மருத்துவப் படிப்புகள் பேனடைன் வளாகத்தில், ஹெல்த் சயின்சஸ் சென்டர் மருத்துவமனையை ஒட்டி நடக்கின்றன. ரெட் ரிவர் காலேஜ் பாலிடெக்னிக்குக்கும் இதே கதைதான்: ஒரு வளாகம் விமான நிலையத்துப் பக்கம் நோட்ரடாம் அவென்யூவில், இன்னொன்று எக்ஸ்சேஞ்ச் டிஸ்ட்ரிக்டில். ஆகவே சேர்க்கைக் கடிதத்தில் எந்த வளாகம் என்று முதலில் பாருங்கள். பிறகு வீட்டின் முழு முகவரி கேளுங்கள். ‘பக்கத்துத் தெரு பேர் சொல்றேன், முகவரி டெபாசிட்டுக்கு அப்புறம்’ என்று சொல்கிறவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இங்கே ஏமாற்று இரண்டு வகை. வீடே இல்லாமல் பணம் பிடுங்குவது ஒன்று. வீடு இருக்கும், ஆனால் ஏரியா சொன்னபடி இருக்காது, இது இரண்டாவது. முதலாவதற்குப் போலீஸ் உண்டு. இரண்டாவதற்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது? புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது அதில்தான்.

முதல் வகையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். விற்பனைக்கு வந்த வீட்டின் படங்களை எடுத்து வாடகை விளம்பரமாகப் போடுவார்கள். அக்கம்பக்கத்து வாடகையைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், சாவி கூரியரில் வரும். பணம் இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில், அதாவது மின்னஞ்சல் வழி வங்கிப் பரிமாற்றத்தில் கேட்பார்கள். எதிர்முனையில் ஆட்டோ-டெபாசிட் இருந்தால் அனுப்பிய நொடியில் அது போய்ச் சேர்ந்துவிடும், ரத்து செய்ய முடியாது. படங்களைக் கூகுளில் படத்தேடல் செய்து பாருங்கள். வின்னிபெக் மாநகராட்சியின் சொத்து மதிப்பீட்டுத் தளத்தில் முகவரியைப் போட்டால் கட்டடம் எந்த ஆண்டினது, என்ன வகை என்று காட்டும். உரிமையாளர் பெயர் வேண்டுமென்றால் நிலப் பதிவேட்டை நடத்தும் டெரானெட் மேனிட்டோபாவில் கட்டணம் செலுத்திப் பத்திரத்தைப் பார்க்கலாம்; லீஸில் இருக்கும் பெயரும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். வீடியோ காலில் காட்டச் சொன்னால், தெருப் பெயர்ப் பலகையில் ஆரம்பித்து, வீட்டு எண், சாவி போட்டுக் கதவு திறப்பது, உள்ளே குழாயைத் திறப்பது வரை அழைப்பைத் துண்டிக்காமல் காட்டச் சொல்லுங்கள். முன்பே எடுத்து வைத்த வீடியோ இதற்கு உதவாது. பணம் போய்விட்டதா, முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. அடுத்து வின்னிபெக் போலீஸின் அவசரமல்லாத எண் 204-986-6222, கனடா மோசடித் தடுப்பு மையம் 1-888-495-8501.

எவ்வளவு டெபாசிட் கேட்கலாம் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மேனிட்டோபாவில் டெபாசிட் அதிகபட்சம் அரை மாத வாடகை. வாடகை 1,400 டாலர் என்றால் டெபாசிட் 700. செல்லப்பிராணி வளர்த்தால் அதற்குத் தனி டெபாசிட் கேட்கலாம், அவ்வளவுதான். டொரன்டோவின் ஸ்காபரோவில் இருபது வருடமாக இருக்கும் மாமாவிடம் கேட்டால், ‘ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் கேட்கிறது இங்க வழக்கம்தானப்பா’ என்பார். அவர் சொல்வது, டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்குச் சரி. வாடகைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும் என்பது டொரன்டோவை விட்டு வெளியே குடியிருக்காதவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் ‘முதல் மாதம், கடைசி மாதம், சாவிக்கு 300’ என்று இங்கே நீட்டுகிறார்கள். இடையில் ‘நம்ம ஊர் அண்ணன்’ ஒருவர் நின்று தனியாக ஒரு தொகை வாங்கிக்கொள்வதும் உண்டு. ஏர்போர்ட் பிக்கப், சிம் கார்டு, வீடு என்று மொத்தமாகப் பேசும் அந்த அண்ணனுக்கு, எந்த வீடு காலியாகக் கிடக்கிறதோ அதுவே உங்களுக்கு நல்ல ஏரியா.

லீஸைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் நிறுத்திப் படியுங்கள். ஒன்று காலம். 12 மாத லீஸில் கையெழுத்துப் போட்டால் ஏரியா பிடிக்கவில்லை என்று மூன்றாம் மாதம் வெளியேற முடியாது. உங்கள் இடத்துக்கு இன்னொருவரைப் பிடித்து லீஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். நியாயமான காரணமின்றி அதை உரிமையாளர் மறுக்கக் கூடாது என்பது உண்மைதான், ஆனால் ஜனவரியில் மைனஸ் 30-இல் குடிமாற யார் வருவார்? இன்னொன்று டிஸ்கவுன்ட். வாடகை 1,650, தள்ளுபடி 250, நீங்கள் கட்டுவது 1,400 என்று எழுதியிருப்பார்கள். வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்று மாகாண அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் உச்சவரம்பு அந்த 1,650-க்குத்தான். தள்ளுபடியை எடுத்துவிட்டால் அது வாடகை உயர்வாகக் கணக்கில் வராது. எத்தனை மாதத்துக்குத் தள்ளுபடி, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் இல்லாவிட்டால் உங்கள் வாடகை 1,650 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில புதுக் கட்டடங்களுக்கும் வாடகை கூடிய வீடுகளுக்கும் அந்த உச்சவரம்பே கிடையாது.

‘பஸ் ஸ்டாப் வாசலில்’ என்பதை இப்போது யாரும் நம்ப வேண்டாம். 2025 ஜூன் 29 அன்று வின்னிபெக் டிரான்சிட் ஊர் முழுக்கத் தடங்களை மாற்றியது. பழைய எண்கள் பெரும்பாலும் போய்விட்டன. முக்கியத் தடங்கள் எஃப், டி என்ற எழுத்துகளோடு பெருஞ்சாலைகளில் நேர்கோடாக ஓடுகின்றன, மற்றவை அங்கே கொண்டுவந்து இறக்கிவிடும் கிளைத் தடங்கள். பழைய விளம்பரத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறவர்கள் இல்லாத பஸ்ஸின் எண்ணை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டிரான்சிட்டின் நாவிகோ தளத்தில் முகவரியைப் போட்டு, செவ்வாய்க்கிழமை காலை 7.30-க்குப் போக, இரவு 10.30-க்குத் திரும்ப, ஞாயிறு காலை வேலைக்குப் போக என்று மூன்று முறை பாருங்கள். பகலில் 25 நிமிடம் காட்டும் வழி இரவில் ஒரு மணி நேரமாக நீளும். சில புறநகர்களில் இரவில் பஸ்ஸே வராது. நாமே கூப்பிட்டு வரவழைக்கும் ஆன்-ரிக்வெஸ்ட் வண்டிதான். டவுன்டவுனுக்கும் ஃபோர்ட் கேரி வளாகத்துக்கும் நடுவே தனிப்பாதையில் ஓடும் புளூ லைன் பஸ் இதற்கெல்லாம் விதிவிலக்கு. மேனிட்டோபா பல்கலையில் படிக்கிறவருக்குப் பெம்பினா ஹைவேயை ஒட்டிய பழைய அபார்ட்மென்ட், பளபளக்கும் புது பேஸ்மென்ட்டைவிட எவ்வளவோ மேல். வின்ட்சில், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், மைனஸ் 40-ஐத் தொட்டால் திறந்திருக்கும் தோல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துவிடும். பஸ் மாறக் காத்திருக்கும் நேரத்தை அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

‘கார்ல பத்து நிமிஷம்’ என்பதும் அப்படித்தான். இந்த ஊரை ரயில்பாதைகளும் ஆறுகளும் துண்டு போட்டிருக்கின்றன. ரெட், அசினிபாய்ன் ஆறுகளுக்குப் பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். நார்த் எண்டுக்கும் நடு ஊருக்கும் குறுக்கே பெரிய ரயில் யார்டு கிடக்கிறது. அதைக் கடக்க உதவிய ஆர்லிங்டன் பாலம் 1912-இலிருந்து நின்றது, 2023 நவம்பரில் பாதுகாப்பில்லை என்று மூடிவிட்டார்கள். ‘ஹெல்த் சயின்சஸ் சென்டருக்கு நேராக ஆர்லிங்டன் வழியாகப் போய்விடலாம்’ என்று இப்போதும் சொல்கிறவர் ஒன்று ஊரில் இல்லை, அல்லது உங்களுக்கு ஊர் தெரியாது என்று தெரிந்துகொண்டு சொல்கிறார். லெவல் கிராசிங்கில் சரக்கு ரயிலுக்கு நிற்கும் நேரத்தையும் யாரும் விளம்பரத்தில் சேர்ப்பதில்லை.

குடும்பத்தோடு வருகிறவர்களை வேவர்லி வெஸ்ட், பிரிட்ஜ்வாட்டர், சேஜ் க்ரீக் போன்ற புதுப் புறநகர்களுக்குத் தள்ளுவார்கள். வீடுகள் நன்றாகவே இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கார் போதாது, இரண்டு வேண்டும். ‘இந்தப் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்’ என்பது வேறு, அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு என்பது வேறு. வீடுகள் எழுந்த வேகத்தில் பள்ளிகள் எழவில்லை. நிரம்பிய பள்ளியின் எல்லைக்குள் இருந்தும் பிள்ளை பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கலாம். ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள். பெம்பினா டிரெயில்ஸ், லூயி ரியெல், செவன் ஓக்ஸ் என்று அந்தந்த ஏரியாவின் ஸ்கூல் டிவிஷன் அலுவலகத்துக்கு முகவரியோடு மின்னஞ்சல் அனுப்பி, இந்த வகுப்பில் இப்போது இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எதிர்ப்பக்கம், நார்த் எண்ட் என்ற பெயரைச் சொல்லியே பயமுறுத்தி அதிக வாடகை வீட்டில் அடைப்பதும் நடக்கிறது. குற்றம் கூடுதலான பகுதிகள் அங்கே இருக்கின்றன, டவுன்டவுனிலும் இருக்கின்றன. ஆனால் நிலவரம் தெருவுக்குத் தெரு மாறும். வடமேற்கில் மேப்பிள்ஸ், டின்டல் பார்க் பக்கம் ஃபிலிப்பினோ, பஞ்சாபிக் குடும்பங்கள் நிறையப் பேர் வீடு வாங்கி இருக்கிறார்கள். ‘வடக்கே போகாதீங்க’ என்கிறவர் அதையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார். பூர்வகுடி மக்கள் அதிகம் வசிக்கும் இடம் என்பதையே ஆபத்துக்கு மறுபெயராகச் சொல்கிறவரின் ஆலோசனைக்கு மதிப்பில்லை. போலீஸ் தளத்தின் குற்ற வரைபடத்தில் அந்தத் தெருவைப் பாருங்கள், இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை நடந்து பாருங்கள்.

பேஸ்மென்ட்டுக்கு வருவோம். வின்னிபெக் உட்கார்ந்திருப்பது அகாசிஸ் என்ற பழைய பனியாற்று ஏரியின் களிமண் படுகையில். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதனால் அஸ்திவாரம் நகரும். பேஸ்மென்ட் நடுவே திருகி உயரம் மாற்றும் இரும்புத் தூண்கள் நிற்பதைப் பார்த்து அலற வேண்டாம், டெலிபோஸ்ட் என்ற அவை இங்கே சகஜம். பார்க்க வேண்டியது வேறு. சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா? தரையிலிருந்து ஒரு முழம் மட்டும் புதுப் பலகை, புதுப் பெயிண்ட்டா? வாசனைத் திரி மூலைக்கு மூலை செருகியிருக்கிறதா? பழைய ஏரியாக்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. கோடையில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் அது பேஸ்மென்ட் டிரெய்ன் வழியாக மேலே வரும். சாக்கடை எதிர்த்து வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு இருக்கிறதா, குழியில் தேங்கும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று கேளுங்கள். பம்ப் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓடுவது தெரிந்துவிடும். டெனன்ட் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சாக்கடை எதிர்த்து வருவதற்கான பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும், அது தானாக வராது.

படுக்கை அறை ஜன்னலை டேப் வைத்து அளந்துவிடுங்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அது. திறக்கும் பரப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே குழி இருந்தால் 760 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பனிக்காலத்தில் அந்தக் குழி பனியால் மூடிக் கிடந்தால் அளவு இருந்தும் பயனில்லை. பர்மிட் இல்லாமல் கட்டிய பேஸ்மென்ட்டை மாநகராட்சி காலி செய்யச் சொன்னால், நடுக்குளிரில் பெட்டியோடு நிற்கப்போவது நீங்கள்.

‘ஹைட்ரோ தனி’ என்றால் தண்ணீர் தனி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே ஹைட்ரோ என்றால் கரண்ட். மேனிட்டோபா ஹைட்ரோதான் எரிவாயுவும் தருகிறது; இரண்டும் ஒரே பில்லில் வரும். பழைய வீட்டில் எலக்ட்ரிக் பேஸ்போர்ட் ஹீட்டர் என்றால் ஜனவரி பில் உங்கள் பட்ஜெட்டைக் கவிழ்த்துவிடும். கடந்த ஜனவரி, பிப்ரவரி பில்களைக் காட்டச் சொல்லுங்கள். ஜூலை பில்லைக் காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கார் வைத்திருப்பவர்கள், குளிரில் இன்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டருக்கான பிளக் பாயிண்ட் உள்ள பார்க்கிங் வாடகையில் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். தெருவில் நிறுத்தலாம் என்பார்கள். பனி அள்ளும் நாட்களில் எழுத்து வாரியாக மண்டலம் பிரித்துத் தடை போடுவார்கள், பெருஞ்சாலைகளில் குளிர்காலம் முழுக்க நள்ளிரவுக்குப் பிறகு தடை. மறந்தால் அபராதம், வண்டி வேறு தெருவில் கிடக்கும். கொசுவைப் பற்றியும் எந்த விளம்பரமும் சொல்லாது. அது மட்டும் எல்லா ஏரியாவுக்கும் பொது.

இறங்கியதும் இரண்டு மூன்று வாரத்துக்குத் தற்காலிக அறை எடுத்துக்கொள்ளுங்கள். தவறான 12 மாத லீஸோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது. அந்த நாட்களில் பார்த்த வீட்டிலிருந்து வகுப்புக்கோ வேலைக்கோ உண்மையான நேரத்தில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், அரிசி பருப்பு எங்கே கிடைக்கிறது, லாண்டரி கட்டடத்துக்குள்ளேயா வெளியிலா என்று பாருங்கள். புதியவர்களுக்கு வாடகை வீட்டு ஆலோசனை சொல்ல நியூ ஜர்னி ஹவுசிங் என்ற அமைப்பு இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்றே வீட்டின் நிலை அறிக்கையைக் கேட்டு, அறை அறையாகப் படம் எடுத்து, இருவரும் கையொப்பமிட்டு ஒரு பிரதி வாங்கிவிடுங்கள். நீங்கள் கேட்டால் உரிமையாளர் தட்டிக்கழிக்க முடியாது. பின்னால் டெபாசிட்டுக்காக, வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் மாகாண அலுவலகமான ரெசிடென்ஷியல் டெனன்சீஸ் பிராஞ்சுக்குப் போக நேர்ந்தால், அவர்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.